மலை ஏறும் வண்டிக்கு மாற்று டர்போ: எண்ணெய் திரும்பும் வழியில் வந்த சிக்கல்

பின்னணி

கோத்தகிரிப் பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் டீசல் எஸ்யூவி இது. 2.8 லிட்டர், நான்கு சிலிண்டர், ஸ்விர்ல் சேம்பர் வகை இன்ஜின். மெக்கானிக்கல் ரோட்டரி பம்ப். டர்போவும் இன்டர்கூலரும் கம்பெனியிலிருந்தே வந்தவை. எக்ஸாஸ்ட் புகையால் ஒரு பக்க வீலை (டர்பைன்) சுற்றி, அதே ஷாஃப்டின் மறுபக்க வீலால் (கம்ப்ரஸர்) காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது டர்போ. அந்தக் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். ஜப்பானிய வடிவமைப்பு, நம் நாட்டில் அசெம்பிள் ஆனது, விற்பனை நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. 15 வருடம் முடிந்து, ஆர்.சி. புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் அடையாளம் காட்ட வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் வண்டியின் மாடலையும் பட்டறைகளின் பெயரையும் விட்டிருக்கிறேன். அளவெடுத்து வரைபடம் போட்டுக் கொடுத்ததும், சோதனைகளைக் குறித்து வைத்ததும் என் பங்கு. மெக்கானிக் மேட்டுப்பாளையத்துக்காரர். லேத், மில்லிங் வேலை கோயம்புத்தூரில் நடந்தது.

வண்டி ஓடும் பாதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். சுமார் 325 மீட்டர் உயரத்தில் கிளம்பி ஏறக்குறைய 1,800 மீட்டருக்குப் போகிறோம். உரமூட்டை ஏற்றிக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே பெரும்பாலான தூரம். வீடு வந்து சேர்ந்ததும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பது உரிமையாளரின் வழக்கம். டர்போவுக்கு இதைவிடக் கடுமையான வேலை இருக்க முடியாது.

பழைய டர்போ எதனால் போனது

முதலில் விசில் சத்தம் வந்தது. அப்புறம் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது நீலப் புகை. கடைசியில் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை.

இன்டேக் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் கம்ப்ரஸர் வீலின் இறக்கை நுனிகள் ஹவுசிங்கில் உரசித் தேய்ந்திருந்தன. ஷாஃப்டை விரலால் அசைத்தாலே ஆட்டம் தெரிந்தது. டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டிய தேவையே வரவில்லை. டர்பைன் ஹவுசிங்கில் வேஸ்ட்கேட் (அழுத்தம் மீறாமல் உபரிப் புகையைத் திருப்பிவிடும் கதவு) துளைக்கும் டர்பைன் வாய்க்கும் நடுவே விரிசல் ஓடியிருந்தது.

இந்த இடத்தில் மெக்கானிக் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். டர்போவைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேடக் கிளம்பாமல், அது ஏன் போனது என்று பார்த்தார். எண்ணெய் உள்ளே போகும் பைப்பைக் கழற்றி ஊதினால் காற்று சிரமப்பட்டுத்தான் வந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தபோது உட்சுவர் முழுக்கக் கருகிய எண்ணெய் கெட்டியாகப் படிந்திருந்தது. சூடாக இருக்கும்போதே இன்ஜினை அணைத்ததும், ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப் போட்டதும் சேர்ந்து செய்த வேலை. இந்தப் பைப்பை அப்படியே வைத்துப் புது டர்போ மாட்டியிருந்தால் அதுவும் சில மாதங்களில் போயிருக்கும்.

கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் பார்க்கப்பட்டது. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து ஓட்டியபோது புகை பீய்ச்சி அடிக்கவும் இல்லை. ஆக, இன்ஜின் செலவு செய்யத் தகுந்த நிலையில்தான் இருந்தது. இன்ஜினே தேய்ந்து போயிருந்தால், அதற்கு டர்போ தேடுவது வீண் வேலை.

முன்னால் இருந்த வழிகள்

அசல் டர்போ கிடைக்காமல் இல்லை. விலை வண்டியின் மறுவிற்பனை மதிப்போடு ஒப்பிடும்போது பொறுக்க முடியாத அளவில் இருந்தது. வந்து சேரும் தேதியையும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நடுப்பகுதியை, அதாவது ஷாஃப்ட், பேரிங், இரண்டு வீல் சேர்ந்த கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம் என்றால் டர்பைன் ஹவுசிங் விரிசல் விட்டிருக்கிறது. மலிவு நகல் டர்போக்கள் இணையத்தில் விற்கின்றன. அதில் பேலன்ஸ் செய்த சான்று ஏதும் இல்லாததால் மெக்கானிக் ஒப்புக்கொள்ளவில்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருளில் அவர் சொன்னது நியாயம்.

நான்காவது வழிதான் கடைசியில் எடுக்கப்பட்டது. நம் ஊரில் நிறைய ஓடும் ஓர் எஸ்யூவியின் வேஸ்ட்கேட் டர்போ. இன்ஜின் கொள்ளளவு கிட்டத்தட்ட சமம், உதிரி பாகம் கோயம்புத்தூரிலேயே கிடைக்கும், புதிதாகவே வாங்கலாம். வேரியபிள் வேன் வகை ஒன்றும் குறைந்த விலையில் வந்தது. அதன் வேன்களை நகர்த்துவதற்கு இந்த இன்ஜினில் கம்ப்யூட்டர் இல்லை என்பதால் அதை அப்போதே ஒதுக்கிவிட்டோம்.

சட்டப் பக்கமும் பேசப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. அதனால் ஆரம்பத்திலேயே ஒரு வரம்பு போட்டுக்கொண்டோம். இன்ஜின், கொள்ளளவு, எரிபொருள் அளவு எதையும் தொடுவதில்லை. பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம், பழைய டர்போ கொடுத்த 0.8 பாரே போதும். உரிமையாளர் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைக் கடிதமாகவே எழுதிக் கொடுத்தார். இதைச் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் பின்னால் ஒரு விபத்து நடந்து கோரிக்கை மறுக்கப்பட்டால் அப்போது எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை.

அளவு பொருந்துமா

அந்த எஸ்யூவியில் போட்டிருக்கிறார்கள், இதிலும் ஓடும் என்று விட்டுவிட முடியாது. காரணம் மலை.

வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் ஒரு பக்கம் பூஸ்ட் அழுத்தம், மறுபக்கம் ஸ்பிரிங்கும் வெளிக்காற்றும். அதனால் எங்கே இருந்தாலும் வெளிக்காற்றைவிட 0.8 பார் கூடுதலாக என்ற கணக்கில்தான் அது வேலை செய்யும். மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் சுமார் 0.97 பார். அங்கே 0.8 பார் பூஸ்ட் என்றால் உள்ளே வரும் காற்றை 1.8 மடங்கு அழுத்த வேண்டும். கோத்தகிரியில் காற்றழுத்தம் 0.82 பார் அளவுக்கு இறங்கிவிடும். அதே 0.8 பாருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். மேலே காற்று மெல்லியது என்பதால் அதே எடைக் காற்றை இழுக்கவே வீல் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். டேஷ்போர்டு மீட்டரில் எண் மாறாது. உள்ளே ஷாஃப்ட் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

3,600 ஆர்.பி.எம்.மில் இந்த இன்ஜின் 0.8 பார் பூஸ்டில் விநாடிக்கு சுமார் 0.13 கிலோ காற்று எடுக்கும் என்று கணக்கு வந்தது. வால்யூமெட்ரிக் திறன் (சிலிண்டர் உண்மையில் காற்றால் நிரம்பும் அளவு) 85 சதவீதம், இன்டர்கூலருக்குப் பின் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அதைக் கோத்தகிரி உயரத்துக்கு மாற்றி அந்த டர்போவின் கம்ப்ரஸர் மேப்பில் (எவ்வளவு காற்றை எத்தனை மடங்கு அழுத்த முடியும் என்று காட்டும் வரைபடத்தில்) வைத்தால் புள்ளி வலது ஓரத்துக்கு நெருங்கியது. ஓரத்தைத் தாண்டவில்லை. உரிமையாளர் 1 பார் வரை ஏற்றலாமா என்று கேட்டிருந்தார். மலை மேல் அது வரைபடத்துக்கு வெளியே போகும் என்று காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

பிளேட், பைப், பிராக்கெட்

சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் மேனிபோல்டில் நான்கு ஸ்டட். புதிய டர்போவில் முக்கோணமாக மூன்று துளை. வாயின் வடிவமும் வேறு. நடுவே ஓர் அடாப்டர் வேண்டும்.

முதலில் செய்தது 10 மி.மீ. பிளேட் இரண்டும், நடுவில் சின்னப் பைப் துண்டும் வைத்து வெல்டிங் அடித்த ஒன்று. ஆறியதும் கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பார்த்தால் ஓரங்கள் தூக்கி நின்றன. நடுவில் அரை மி.மீ. ஃபீலர் தாராளமாக நுழைந்தது. போல்ட் போட்டு இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று ஃபிட்டர் சொன்னார். இறுக்கினால் உட்காரும், உண்மைதான். சூடாகும்போது மறுபடி எழும், அப்போது கேஸ்கட் ஊதும். அதைக் கழித்துவிட்டு, 25 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கட்டியிலிருந்து வெல்டிங்கே இல்லாத ஒரே துண்டாகக் கடைந்தார்கள். மேனிபோல்டுக்கான நான்கு துளைகளில் இரண்டு, டர்போவுக்கான மூன்று துளைகளோடு மோதின. அங்கே மட்டும் ஆலன் போல்ட் தலை உள்ளே அமிழும்படி குடைந்தோம். வாய்க்கு வாய் மாறும் சரிவைக் கை அரத்தால்தான் தேய்த்தார்கள். இரண்டு முகமும் சர்ஃபேஸ் கிரைண்டிங்.

எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடாமல் ஏன் சாதாரண எம்.எஸ். என்று பலரும் கேட்டார்கள். துருப்பிடிக்காது என்பதற்காக எஸ்.எஸ். உயர்ந்தது என்று நினைக்கிறோம். இந்த இடத்தில் பார்க்க வேண்டியது வெப்ப விரிவு. 304 வகை, வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு அருகில் விரியும். எம்.எஸ். வார்ப்பிரும்போடு ஏறக்குறைய ஒத்துப்போகும். கனமான துண்டு, வார்ப்பு மேனிபோல்டோடு இறுக்கிக் கட்டப்பட்டது, ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறுவது. மேனிபோல்ட் காதை உடைக்காமல் இருக்க வேண்டும் என்றால் எம்.எஸ்.தான் பாதுகாப்பு. டீசலில் எக்ஸாஸ்ட் சூடு பெட்ரோல் அளவுக்குப் போகாது என்பதால் அது தாங்கும். அடாப்டரின் பக்கவாட்டில் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் மாட்ட ஒரு துளையும் போட்டோம். சும்மா கிடைத்த இடம் அது, விடக்கூடாது.

பழைய டர்போவுக்குத் தண்ணீர் வழியும் இருந்தது. புதியது எண்ணெயால் மட்டும் குளிர்வது. இன்ஜின் பக்கமிருந்த இரண்டு தண்ணீர் வாய்களை அடைக்காமல் ஒன்றோடொன்று இணைத்து ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். சைலன்சர் பைப்பின் எடை டர்போவின் மேல் தொங்கக்கூடாது என்று பெல்லோஸ் ஒன்றும், கியர்பாக்ஸிலிருந்து ஒரு தாங்கும் பிராக்கெட்டும் போடப்பட்டன. இன்டர்கூலர் பைப்புகளின் முனையில் ஹோஸ் நழுவாமல் இருக்க வளையம் தூக்கி விட்டார்கள். வெல்டிங் பட்ட ஒவ்வொரு பைப்பும் உள்ளே பிசிறு போகத் தேய்த்து, டீசலில் கழுவி, காற்றடிக்கப்பட்டது. கம்ப்ரஸர் பக்கத்தில் ஒரு கடுகளவு கசடு போனாலும் வீல் காலி.

எண்ணெய் உள்ளே போகும் பைப் புதிது. இரும்புப் பைப், பேன்ஜோ போல்ட், இரண்டு பக்கமும் செப்பு வாஷர். டர்போ ஜர்னல் பேரிங் வகை (ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் சுற்றும் வகை) என்பதால் துளையைச் சுருக்கவில்லை.

எண்ணெய் வெளியே வரும் வழிக்கு மட்டும் யாரும் வரைபடம் கேட்கவில்லை. ஹோஸ்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

முதல் ஓட்டம்

ஸ்டார்ட் செய்யும் முன் ஃபியூல் கட் ஆஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, இன்ஜினைச் சும்மா சுற்ற விட்டு, டர்போவுக்கு எண்ணெய் வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்டோம். அப்புறம் ஒயரை மாட்டி ஸ்டார்ட். சத்தம் சுத்தமாக இருந்தது. ஊருக்குள் ஓட்டியபோது பூஸ்ட் வந்தது, வண்டி இழுத்தது. உரிமையாளர் முகம் மலர்ந்தது.

பட்டறைக்குத் திரும்பி ஐடிலில் நிறுத்தி வைத்திருந்த கொஞ்ச நேரத்தில் சைலன்சரிலிருந்து வெளிறிய நீலப் புகை கிளம்பியது. நேரம் போகப் போக அடர்த்தியானது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பெரும் புகை மண்டலம் போய், அதன்பின் சுத்தமாகிவிடும். திரும்ப ஐடிலில் விட்டால் திரும்பப் புகை. டவுன் பைப்பைக் கழற்றினால் டர்பைன் வாய் எண்ணெயில் நனைந்திருந்தது.

"என்னங்க தம்பி, புதுசுன்னு சொல்லி வாங்கின டர்போவே சீல் போனதுங்களா?" என்று உரிமையாளர் கேட்டார். மெக்கானிக்குக்கும் அதே சந்தேகம். கடைக்குப் போன் போட்டு டர்போவைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் நிலைக்குப் போய்விட்டார்.

டர்போவைக் குறை சொல்லும் முன்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நல்ல டர்போக்கள் இந்த இடத்தில்தான் ஓட்டை என்று திரும்பிப் போகின்றன.

டர்போவுக்குள் இருப்பது இன்ஜின் கிராங்க் முனையில் இருக்கும் ரப்பர் ஆயில் சீல் மாதிரியானது அல்ல. அத்தனை சூட்டில், அத்தனை வேகத்தில் ரப்பர் நிற்காது. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் சின்னப் பிஸ்டன் ரிங் போன்ற வளையம், அவ்வளவுதான். எண்ணெய் வெளியே வராமல் இருப்பதற்குப் பெரிய காரணம், பேரிங் இருக்கும் நடுக்கூட்டில் எண்ணெய் தேங்காமல் கீழே விழுந்துகொண்டே இருப்பதும், வெளியிலிருந்து எக்ஸாஸ்ட் அழுத்தம் உள்நோக்கித் தள்ளுவதும். உள்ளே போகும்போது எண்ணெய்க்குப் பம்ப்பின் அழுத்தம் உண்டு. பேரிங்கைத் தாண்டியதும் அந்த அழுத்தம் முழுக்கப் போய்விடும். காற்றோடு கலந்து நுரையாகி, தன் எடையால் மட்டுமே இறங்கி, இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குப் போக வேண்டும். இறங்க வழியில்லை என்றால் நடுக்கூடு நிரம்பும், வளையத்தைத் தாண்டி டர்பைனுக்குள் கசியும்.

ஐடிலில் எக்ஸாஸ்ட் அழுத்தம் குறைவு, தடுக்க ஆளில்லை, கசிகிறது. மிதித்தால் அழுத்தம் ஏறி எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளுகிறது, புகை நிற்கிறது. வண்டி காட்டிய அடையாளம் அச்சாக இதுவே. ஷாஃப்ட் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்தோம், சரியாகவே இருந்தது. ஆட்டமில்லாத புது டர்போ ஐடிலில் மட்டும் எண்ணெய் விட்டால், முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் பைப், இரண்டாவது பிரீதர், அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்.

வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. டர்போவின் எண்ணெய் வெளியேறும் வாய் நேர்க்கீழாக இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கோணமானி வைத்தால் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 40 டிகிரி. பொதுவாக 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும், நேர்க்கீழாக இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது. அங்கிருந்து ஹோஸ் இன்ஜின் மவுன்டிங்கைச் சுற்றிக் கீழே இறங்கி, பிளாக்கில் உள்ள வாய்க்காக மறுபடி மேலே ஏறியது. அந்தப் பள்ளத்தில் எண்ணெய் எப்போதும் தேங்கியே நிற்கும்.

இது ஊகம்தான், சோதித்துப் பார்த்தால் செலவில்லாமல் தெரிந்துவிடும் என்று ஒன்று செய்தோம். டர்போவின் வாயிலிருந்து ஹோஸைக் கழற்றி, நேராகக் கீழே தொங்கும் ஒரு சின்ன ஹோஸை மாட்டி, அதன் முனையைத் தரையில் வைத்த பிளாஸ்டிக் கேனுக்குள் விட்டோம். பிளாக் வாயை மூடினோம். ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டே ஐடிலில் மட்டும் ஓட்டினோம். சைலன்சருக்குள் ஏற்கெனவே இருந்த எண்ணெய் எரிந்து தீரும் வரை புகை வந்தது. அப்புறம் குறைந்தது. அப்புறம் நின்றே விட்டது. கேனுக்குள் விழுந்த எண்ணெய் கடைந்த மோர் போல நுரைத்து வெளுத்திருந்தது. உரிமையாளர் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"டர்போ மேல தப்பில்லீங்கண்ணா, வழியத்தான் மாத்தோணும்" என்றார் மெக்கானிக். கடைக்குப் போன் போட்டு முன்பு சொன்னதை வாபஸ் வாங்கினார்.

ஏன் அப்படி அமைந்தது

யாரும் கவனக்குறைவாக வேலை செய்யவில்லை. இன்டர்கூலர் பைப்பைப் புதிதாகச் செய்யாமல் இருந்ததையே பயன்படுத்தினால் செலவு மிச்சம் என்று, கம்ப்ரஸர் வாய் அந்தப் பைப்பை நோக்கி இருக்கும்படி முதலில் டர்போவை நிறுத்திப் பார்த்தார்கள். ஆக்சுவேட்டர் பிராக்கெட் கம்ப்ரஸர் ஹவுசிங்கோடும் நடுக்கூட்டோடும் சேர்ந்து இருந்தது, அதையும் கழற்றவில்லை. அடாப்டரின் மூன்று துளையும் அந்த நிலையை வைத்தே குறிக்கப்பட்டன. நடுக்கூடு சாய்ந்தது அப்போதே முடிவாகிவிட்டது. ஒவ்வொரு படியும் அதனளவில் நியாயமானது. எண்ணெய் வாய் எங்கே பார்க்கிறது என்ற கேள்வியை மட்டும் எந்தப் படியிலும் யாரும் கேட்கவில்லை.

திருத்தம்

அடாப்டரை மாற்றத் தேவைப்படவில்லை. டர்பைன் ஹவுசிங் அப்படியே இருக்க, நடுக்கூட்டைத் தனியாகத் திருப்பலாம். ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தினார்கள். நிலையைக் காட்டும் ஒரு பின் தடுத்தது, அதை எடுத்துவிட்டு, எண்ணெய் வாய் செங்குத்தாகும் வரை திருப்பி இறுக்கினார்கள். திருப்பும்போது வீல் ஹவுசிங்கில் சாய்ந்து உரசிவிடாமல் வண்டியிலிருந்து கழற்றி மேசையில் வைத்தே செய்தது நல்ல முடிவு. கம்ப்ரஸர் ஹவுசிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பழைய திசைக்கே கொண்டு வந்தார்கள்.

ஆக்சுவேட்டர் பிராக்கெட் இப்போது பொருந்தவில்லை. புதிதாகச் செய்ய வேண்டி வந்தது. ராடு நீளம் மாறியதால் ஆக்சுவேட்டரைக் கைப் பம்ப்பும் கேஜும் வைத்து மறுபடி சரி செய்தோம். பூஸ்ட் பழையபடி 0.8 பாரில் நிற்கும்படி அமைந்தது.

திரும்பும் பைப்பை இந்த முறை முதலில் 3 மி.மீ. கம்பியை வளைத்து மாதிரி எடுத்து, அதற்கப்புறம் இரும்புப் பைப்பில் செய்தார்கள். உள்விட்டம் 19 மி.மீ. மவுன்டிங்குக்கும் பிளாக்குக்கும் நடுவே, டர்போவிலிருந்து பிளாக் வரை எங்கேயும் மட்டமாகவோ மேலேறியோ இல்லாமல் இறங்கிக்கொண்டே போகும்படி. பிளாக்கில் அது சேரும் வாய் சம்ப் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கிறது என்று டிப்ஸ்டிக்கை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். அதிர்வுக்காக நடுவில் சின்ன ஹோஸ் இணைப்பு ஒன்று வேண்டும். கடையில் கொடுத்த நீலச் சிலிக்கோன் ஹோஸ் காற்றுக்கும் தண்ணீருக்கும் சரி, சூடான எண்ணெய் அதன் வழியே வியர்க்கும், நாளாக ஆக ஊறிவிடும். எண்ணெய்க்கென்று விற்கும், சூடு தாங்கும் ஹோஸ் வாங்கப்பட்டது.

மலையில் சோதனை

ஐடிலில் நெடுநேரம் விட்டும் புகை இல்லை. அதற்குப் பிறகுதான் மலைக்குப் போனோம். வழக்கமாக ஏற்றும் அளவு உரமூட்டை, வழக்கமான வேகம். டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூடு கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பின் வரும் நீண்ட ஏற்றங்களில் 600 டிகிரியைத் தாண்டியது. 650-ஐத் தொடவில்லை. 700 டிகிரியைத் தொடர்ந்து காட்டினால் உடனே கியரைக் குறைக்க வேண்டும் என்று எல்லை வைத்திருந்தோம். பூஸ்ட் கோத்தகிரி வரை 0.8 பாரை விட்டு நகரவில்லை. கணக்கில் பார்த்தது போலவே மேலே போனதும் டர்போவின் ஒலி சற்றுக் கூர்மையானது.

பழையதைவிடப் பூஸ்ட் கொஞ்சம் தாமதமாக எழுகிறது என்று உரிமையாளர் சொன்னார், அது உண்மை. வளைவில் திரும்பியதும் இரண்டாவது கியரில் ஒரு நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. டர்பைன் ஹவுசிங் சற்றுப் பெரியது, அடாப்டரால் வாயும் நீண்டிருக்கிறது. பம்ப்பில் எரிபொருளைக் கூட்டினால் இது மறையும், புகையும் சூடும் கூடும். கூட்டவில்லை. புகைப் பரிசோதனையில் இந்த வயது வண்டிக்கு அனுமதி 65 எச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்திக்கான அலகு). வண்டி அதற்கு நன்றாகக் கீழே நின்றது.

அதன்பின்

முதல் சில வாரங்களில் இரண்டு விஷயம் வந்தன. அடாப்டரின் ஒரு நட் தளர்ந்து, குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் டக் டக் என்று எக்ஸாஸ்ட் ஊதியது. சூடாகி ஆறிய பின் மறுபடி இறுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தும் வேலை மும்முரத்தில் அது தள்ளிப் போயிருந்தது. லாக் நட்டாக மாற்றி, சூட்டுக்குப் பின் இறுக்கியதும் நின்றது. இன்னொன்று, 2 மி.மீ. தகட்டில் செய்த ஆக்சுவேட்டர் பிராக்கெட் அதிர்வில் மடிப்போரம் கீறல் விட்டது. 4 மி.மீ. தகட்டில், முக்கில் ஒரு தாங்கு துண்டு வைத்து மறுபடி செய்யப்பட்டது.

மழைக்காலம் முழுக்க ஓடிய பின் இன்டேக் ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட் ஆட்டத்தை அளந்தபோது முதல் நாள் குறித்த அளவிலிருந்து மாற்றமில்லை. கம்ப்ரஸர் வாயில் பிரீதரிலிருந்து வரும் மெல்லிய ஈரம் மட்டுமே. உரிமையாளர் இப்போது வீட்டு வாசலில் இன்ஜினைச் சிறிது நேரம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறார். புதிய டர்போவுக்குத் தண்ணீர் இல்லை என்பதால் இது முன்னைவிட அவசியம்.

செலவு அசல் டர்போவின் விலையில் ஏறக்குறைய பாதியில் முடிந்தது. ஆனால் வண்டி பட்டறையில் நின்ற காலத்தில் உரம் ஏற்ற வாடகை வண்டி பிடித்ததைச் சேர்த்தால் மிச்சம் பெரிதில்லை. அசல் பொருள் நியாய விலையில், நியாயமான நாளில் கிடைக்கும் வண்டிக்கு இந்த வேலையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மறுபடி செய்தால்

வேலையின் வரிசை முற்றிலும் மாற வேண்டும். டர்போவின் எண்ணெய் வாயைச் செங்குத்தாக வைத்து, அது பிளாக்குக்குப் போகும் வழியில் கம்பி மாதிரி எடுத்து, அந்த வழி கிடைக்கும் உயரத்தில் டர்போவை நிறுத்த வேண்டும். அதற்கப்புறம் அடாப்டர் துளைகளைக் குறிக்கலாம். கம்ப்ரஸர் ஹவுசிங்கைக் கடைசியில் திருப்பிக்கொள்ளலாம், இன்டர்கூலர் பைப்பை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். காற்று மேலேறும், பக்கம் திரும்பும், அழுத்தத்தில் எங்கேயும் போகும். எண்ணெய் கீழே மட்டும்தான் போகும். இந்த வண்டியில் அந்த வரிசையைப் பின்பற்றியிருந்தால் ஆக்சுவேட்டர் பிராக்கெட் ஒரு முறை செய்தால் போதுமாயிருந்திருக்கும். டர்போவைக் கடைக்குத் திருப்பும் பேச்சும் எழுந்திருக்காது.

அடாப்டரை முதலிலேயே ஒரே கட்டியில் கடைவது, வேலைச் சீட்டிலேயே சூட்டுக்குப் பின் இறுக்கும் தேதியை எழுதி உரிமையாளரிடம் கொடுப்பது, இரண்டும் இப்போது அந்தப் பட்டறையில் நடைமுறை. இதே மாடல் வண்டி இன்னொன்று அதே வேலைக்காக வந்திருக்கிறது. அதில் மெக்கானிக் முதலில் கேட்டு வாங்கியது, திரும்பும் பைப்பின் கம்பி மாதிரியை.